வெண்பட்டைப் பைன்: மரபணுத்தொகுதியா, நாற்றா?

விற்பனைக்கு உதவாத ஒரு மலைமரத்தின் மரபணுத்தொகுதியை, அதாவது அதன் முழு டி.என்.ஏ.வை, படிக்கச் செலவிடும் பணத்தில் நாற்றுகளையே நட்டுவிடலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். வன மரபியல் படித்தவன் என்ற முறையில், வட அமெரிக்காவின் மேற்கு மலைகளில் மரங்கள் வளரக்கூடிய உச்ச எல்லையை ஒட்டி நிற்கும் வெண்பட்டைப் பைன் மரத்தை வைத்துப் பதில் சொல்கிறேன். எந்த நாற்றை நடுவது என்பதே அங்கு கேள்வியாக இருக்கிறது.

இம்மரத்தின் கூம்புகள் தாமாக விரிவதில்லை. கிளார்க் நட்கிராக்கர் என்னும் பறவை அவற்றை அலகால் உடைத்து, விதைகளை நாவுக்கடியிலுள்ள பையில் நிரப்பிக்கொண்டு போய், பின்னால் தின்பதற்கென்று மண்ணில் புதைக்கிறது. அது திரும்ப எடுக்காமல் விட்டவையே புதிய காடாக முளைக்கின்றன. அணில்கள் சேமித்து வைத்த கூம்புகளைத் தோண்டித் தின்றுதான் கிரிஸ்லி கரடிகள் பல இடங்களில் குளிர்காலத்துக்குக் கொழுப்புச் சேர்க்கின்றன. இவ்வளவையும் தாங்கும் மரத்தை, 1910 வாக்கில் ஐரோப்பிய நாற்றுகளுடன் மேற்குக் கரைக்கு வந்து சேர்ந்த ஒரு பூஞ்சை கொப்புளத் துரு நோயால் அழித்து வருகிறது. 2022 டிசம்பரில் அமெரிக்க அரசு இதை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவித்தது.

நோயை இயல்பாகவே தாங்கும் மரங்கள் சில உண்டு. ஒரெகனிலுள்ள டொரீனா மரபுவள மையத்தில், எதிர்ப்பு இருக்கலாம் என்று கருதும் தாய்மரங்களின் நாற்றுகளைப் பனிமூட்ட அறையில் வைத்து, இதே பூஞ்சை தொற்றும் ரைபீஸ் என்னும் புதர்ச்செடியின் நோயுற்ற இலைகளை மேலே பரப்பி பூஞ்சை வித்துகளை விழச்செய்து, பிழைப்பவை எவை என்று ஆண்டுக்கணக்கில் கவனிக்கிறார்கள். மரபணு ஆய்வு சுருக்க முயல்வது இந்தக் காத்திருப்பைத்தான். ஆனால் இம்மரத்தின் தொகுதி சுமார் 2,700 கோடி கார இணைகள் (டி.என்.ஏ.வின் எழுத்து இணைகள்) கொண்டது, மனிதனுடையதைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு. அதில் பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் துண்டுகள். பைன் விதையின் ஊட்டத் திசு தாயிடமிருந்து மட்டும் வருவதால் அதில் மரபணுக்களின் ஒற்றைத் தொகுப்பே இருக்கிறது. துண்டுதுண்டாகப் படித்த இத்தகைய தொகுதிகளை ஒன்றாகக் கோப்பதற்கு அது பெரிய வசதி.

இதன் உறவான சர்க்கரைப் பைன் மரத்தில் ஒரே மரபணு நல்ல எதிர்ப்பைத் தருகிறது. அதையே நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதைக் கலிஃபோர்னியாவின் ஹேப்பி கேம்ப் பகுதியில் அதை முறியடித்த பூஞ்சை வகை காட்டிவிட்டது. வெண்பட்டைப் பைனில் எதிர்ப்பு பெரும்பாலும் பல மரபணுக்களின் சிறுசிறு பங்களிப்பால் அமைகிறது. கண்டறிவது கடினம், ஆனால் பூஞ்சைக்கும் அதை ஒரே தாவலில் தாண்டுவது கடினம். அத்தகைய எதிர்ப்பை இலையின் டி.என்.ஏ.வைக் கொண்டு கணிக்க வேண்டுமானால், அந்தக் கணிப்பைப் பழக்க நோய்ச்சோதனையில் தேறிய, தேறாத குடும்பங்களின் தரவு முதலில் வேண்டும்.

ஆகவே பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், பறவைகள் கொத்தும் முன் கூம்புகளுக்குக் கம்பிவலைக் கூடு கட்டி விதை சேகரிப்பதற்கே நான் முதலில் ஒதுக்குவேன். அடுத்தது நோய்ச்சோதனைக்கு, மரபணுத்தொகுதிக்கு அதன் பிறகு. சோதிக்காத விதையிலிருந்து நாற்று நடுவதற்கு மட்டும் ஒரு காசும் தரமாட்டேன்.