இருபது நிமிட அரண்மனை

அன்புள்ள ஐயா,

போன ஞாயிற்றுக்கிழமை நானும் என் நண்பனும் தொண்டியிலிருந்து பைக்கில் கிளம்பி ராமநாதபுரம் அரண்மனை, கமுதிக் கோட்டை, சிவகங்கை அரண்மனை மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்பினோம். மதுரையில் திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்த நினைப்பிலேயே போனதாலோ என்னவோ, ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாச மண்டபத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் நிற்க முடியவில்லை. நண்பன் "இவ்வளவுதானாடா?" என்றான். ராமநாதபுரத்தில் கோட்டை எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுகிறார்கள். நம் பக்கத்து ராஜாக்கள் பெரிதாக எதையும் கட்டவில்லையா?

பெயர் வேண்டாம் என்ற வாசகர், தொண்டி

அன்புள்ள தம்பி,

கமுதியில் குண்டாற்றங்கரைக் கல்கோட்டை வரைக்கும் போயிருக்கிறீர்கள், அதுவே எனக்குச் சந்தோஷம்.

முதலில் கோட்டை. போகலூரில் இருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்குக் கொண்டுவந்து கோட்டையும் அரண்மனையும் எழுப்பியவர் கிழவன் சேதுபதி, 1710 வரை ஆண்டவர். சேதுபதி என்பது இந்தச் சீமை ராஜாக்களின் பட்டம். 1772இல் ஆற்காடு நவாப் படையும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினிப் படையும் சேர்ந்து அந்தக் கோட்டைக்குள் புகுந்தன. 1795இல் கும்பினியார் முத்துராமலிங்க சேதுபதியைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அவர் 1809இல் சென்னையில் கைதியாகவே இறந்தார். இன்றைக்கு அந்தக் கோட்டை அப்படியே நிற்கவில்லை. ஊர்க்காரர்கள் துணி எடுக்க, நகை வாங்க "அரண்மனைக்குப் போயிட்டு வர்றேன்" என்றுதான் சொல்கிறார்கள், கடைத்தெருவுக்கே அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. ஆளுக்கொரு பக்கம் கை காட்டியதில் தப்பில்லை தம்பி, நீங்கள் டீ குடித்த இடம்கூடக் கோட்டைக்குள்ளே இருந்திருக்கலாம்.

அடுத்து அந்த இருபது நிமிடம். நாயக்கர் மகாலில் நிமிர்ந்து தூணைப் பார்த்தால் போதும், வாய் தானாகப் பிளக்கும். ராமலிங்க விலாசம் அப்படி இல்லை, சுவர் ஓவியங்களுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். நான் முதல் தடவை போனபோது கூட வந்த நண்பர் ஓவிய ஆசிரியர். அவர் ஒரே சுவர் முன்னால் அரை மணி நேரம் நின்றார், எனக்குக் கோபம்கூட வந்தது. அப்புறம் அவர் கூப்பிட்டுக் காட்டினார்: அந்தக் காவிச் சிவப்புக்குள்ளே தஞ்சை மராட்டியரோடு நடந்த சண்டை, இன்னொரு இடத்தில் சேதுபதியைப் பார்க்க வந்திருக்கும் ஐரோப்பியர்கள், வேறொரு சுவரில் ராஜராஜேஸ்வரி அம்மன் தன் கையாலேயே சேதுபதிக்குச் செங்கோல் கொடுக்கிறாள், நடுநடுவே ராமாயணமும் கண்ணன் கதையும். கிழவன் சேதுபதிக்கு அடுத்து வந்தவர்கள் காலத்தில், முந்நூறு வருஷத்துக்கு முன் வரைந்தவை. சண்டை, வியாபாரம், சாமி எல்லாவற்றையும் ஒரே வீட்டுச் சுவரில் எழுதி வைத்த ஆட்களைப் பெரிதாக எதுவும் கட்டவில்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 1798 செப்டம்பரில் கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்ததும் அதே கட்டடத்தில்தான், பேச்சு முற்றிக் கைகலப்பாகிக் கட்டபொம்மன் தப்பி வெளியேறினார். அதைத் தெரிந்துகொண்டு அந்த மண்டபத்தில் நின்றால் வேறு மாதிரி இருக்கும்.

சரி, மறுபடியும் நண்பனைக் கூட்டிக்கொண்டு போங்கள். சிவகங்கை இன்னொரு நாளைக்கு இருக்கட்டும். காலையில் அரண்மனையைத் திறந்ததும் உள்ளே போய், வெயில் ஏறும்வரை அங்கேயே இருங்கள். பிறகு நேராகத் தெற்கே கீழக்கரைக்கு, அரை மணி நேர வண்டிதான். அங்கே கப்பல் வணிகரான சீதக்காதி மரைக்காயர் காலத்துப் பெரிய ஜும்மா பள்ளிவாசலைத் தொழுகை நேரம் இல்லாதபோது, பெரியவர்களிடம் கேட்டுவிட்டுப் பாருங்கள். கோயில் மண்டபத்தில் பார்ப்பது போன்ற கல்தூண்கள். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்கிறோமே, அவரும் கிழவன் சேதுபதியும் நெருங்கிய சிநேகிதர்கள். கரையில் கப்பல் வைத்திருந்த மரைக்காயரும் உள்ளே கோட்டை வைத்திருந்த சேதுபதியும் ஒருவரை ஒருவர் நம்பி வாழ்ந்த சீமை இது. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதை விட்டால் பாதிதான் பார்த்ததாக ஆகும் என்று நான் நினைக்கிறேன்.

போய்வந்து எழுதுங்கள். உங்கள் நண்பன் எந்தச் சுவர் முன்னால் அதிக நேரம் நின்றான் என்பதையும்.