முகத்துக்கு வாங்கும் முன் டப்பாவைத் திருப்புங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முகத்தைப் பற்றியவை. கல்யாண சீசன் வருகிறது அல்லவா! தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலிருந்தும் வந்தவற்றில் சிலவற்றை எடுத்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, பாலக்கோட்டில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில் 180 ரூபாய்க்கு வெள்ளையாக்கும் கிரீம் வாங்கினேன். கொஞ்ச நாளிலேயே முகம் பளபளவென்று ஆகிவிட்டது. டப்பா தீர்ந்ததும் விட்டுவிட்டேன். இப்போது கன்னம் சிவந்து எரிகிறது, அடுப்புப் பக்கம் நிற்க முடியவில்லை, பொடிப்பொடியாகக் கட்டி வேறு. அதே கிரீமை மறுபடி போட்டால் அடங்குகிறது. தொடர்ந்து போடலாமா? டப்பாவில் ஏதோ வெளிநாட்டு எழுத்துதான் இருக்கிறது, முகவரி எதுவும் இல்லை.

போடாதீர்கள். "போட்டால் அடங்குகிறது, விட்டால் எரிகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. ஸ்டீராய்டு கலந்த கிரீமின் குணமே அதுதான். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்கிற ஸ்டீராய்டுகள் எல்லாம் தோல் நோய்க்கு டாக்டர் பார்த்து, இத்தனை நாள் என்று கணக்கு வைத்துக் கொடுக்கிற மருந்துகள். முகத்தில் மாதக்கணக்கில் தேய்த்தால் தோல் மெலிந்துவிடும், நரம்பு நரம்பாகச் சிவப்புக் கோடு தெரியும், முடி வளரும், பருக்கள் கிளம்பும். இப்படிப்பட்ட கிரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு ஷெட்யூல் எச் பட்டியலை இறுக்கிவிட்டது. அதையே பேர் தெரியாத டப்பாவில் அடைத்தால் அழகுப் பொருள் ஆகிவிடுமா?

இன்னொரு சந்தேகமும் உண்டு. அது பாதரசம். சீக்கிரம் வெளுக்க வைக்கும் மலிவான கிரீம்களில் அதைக் கலக்கிறார்கள். நம் நாட்டு 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி பாதரசத்தைச் சேர்க்கவே கூடாது. தெரியாமல் கலந்திருந்தாலும் முகக் கிரீமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 2023-ல் கேரளாவின் மலப்புரத்தில் இப்படிப்பட்ட கிரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது பெரிய செய்தியானது. முகத்தில் பூசியது எப்படிக் கிட்னிக்குப் போகும் என்று கேட்காதீர்கள். தோல் வழியாக ரத்தத்தில் கலந்துதான் போகிறது. துண்டு, தலையணை உறை வழியாக வீட்டுக் குழந்தைக்கும் ஒட்டும்.

உங்கள் டப்பாவில் இருந்தது எது என்பது பரிசோதனையில்தான் தெரியும். அதனால் டப்பாவைத் தூக்கிப் போடாமல், அதையும் எடுத்துக்கொண்டு தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு இந்த வாரமே போங்கள். எத்தனை மாதம் போட்டீர்கள் என்பதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். விட்டதும் வரும் எரிச்சலை எப்படிச் சமாளிப்பது என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கை, கால் வீக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள், சிறுநீர்ப் பரிசோதனை தேவைப்படலாம்.

இனி எதை வாங்கினாலும் கடையிலேயே டப்பாவைத் திருப்புங்கள். தயாரித்தவரின் பெயர், முழு முகவரி, உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், என்னென்ன சேர்ந்திருக்கிறது, எடை, எம்ஆர்பி ஆகிய அத்தனையும் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், இறக்குமதிப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். "துபாயில் இருந்து ஆள் கொண்டு வந்தது" என்று கடைக்காரர் சொன்னால், அது ஆள் கொண்டு வந்த சரக்குதான். கேட்க நாதி இருக்காது. மாவட்ட மருந்து ஆய்வாளருக்கு ஒரு மனு எழுதுங்கள், டப்பாவின் நான்கு பக்கமும் போட்டோ வைத்து. பில் இல்லை என்கிறீர்களா? பில் தராததே நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம், அதையும் மனுவில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: முகத்துக்கு எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் கலந்து போடச் சொல்கிறார்கள். கடலை மாவு, கஸ்தூரி மஞ்சள் எல்லாம் நல்லதா? நம்பி எதைப் போடலாம்? (காரிமங்கலம்)

எலுமிச்சையும் சோடாவும் சமையலறையிலேயே இருக்கட்டும். தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பிஎச் என்ற அமில அளவில் 5-ஐ ஒட்டி இருக்கும் (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்). எலுமிச்சைச் சாறு 2-க்குப் பக்கம், சோடாக் கரைசல் 8-க்கு மேல். ஒன்று அரிக்கும், மற்றது வறட்டும். எலுமிச்சையைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளம் வந்து, அது ஆறியதும் கருந்திட்டு நிற்கும். நிறம் ஏறப் போட்டது நேர்மாறாக முடியும். பருவுக்கு டூத்பேஸ்ட் வைப்பதும் இதே ரகம்தான்.

கடலை மாவு, பயத்தம் மாவு நல்லவை, ஆனால் அவை செய்யும் வேலை அழுக்கு எடுப்பது மட்டும்தான். கெட்டித் தயிரில் ஒரு ஸ்பூன் மாவைக் குழைத்து, பூசிய உடனே ஈரமாக இருக்கும்போதே கழுவிவிடுங்கள். காய்ந்து இறுகியபின் தேய்த்து உரிப்பதில்தான் முகம் எரிகிறது. மாவு நைஸாக இருக்க வேண்டும். மில்லில் அரைத்ததை மெல்லிய துணியில் சலித்தால் கீழே விழுவது முகத்துக்கு, மேலே நிற்பது பஜ்ஜிக்கு. முல்தானி மெட்டி எண்ணெய் வழியும் முகத்துக்கு வாரம் ஒரு நாள் போதும். வறண்ட முகத்துக்கு வேண்டாம்.

கஸ்தூரி மஞ்சளில்தான் ஏமாற்று அதிகம். உண்மையான கஸ்தூரி மஞ்சள் பளீர் மஞ்சளாக இருக்காது. வெளிறிய நிறம், கற்பூரம் மாதிரி வாசம், துணியில் அவ்வளவாகக் கறை பிடிக்காது. பாக்கெட்டைப் பிரித்ததும் விரல் மஞ்சளாகிவிட்டால் அது வேறு மஞ்சள். நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த துண்டாக வாங்கி, உடைத்து மோந்து பார்த்து, வீட்டில் பொடித்துக்கொள்ளுங்கள். பொடியாகவே வாங்கினால் ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள். மஞ்சள் அடியில் தங்கி, தண்ணீர் லேசாகத்தான் நிறம் மாற வேண்டும். கிளாஸ் முழுக்க அடர்ந்த மஞ்சளாகிவிட்டால் சாயம் கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

வீட்டில் அரைத்தது என்பதற்காக எதுவும் ஒத்துக்கொள்ளும் என்று கிடையாது. முழங்கையின் உள்பக்கம் ஒரு காசு அளவு பூசி, ஒரு நாள் விட்டுப் பார்த்துவிட்டு முகத்துக்கு வாருங்கள். கடையில் வாங்கியதற்கும் இதேதான்.

கேள்வி: எங்கள் ஊர் தளி. சுற்றிலும் ரோஜாத் தோட்டம்தான். உதிர்ந்த பூவைக் கொதிக்க வைத்து பன்னீர் செய்து முகத்துக்குப் போடலாமா?

வேண்டாம். ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் வளர்வது கொத்துப்பூ, ஏற்றுமதிக்கும் மேடை அலங்காரத்துக்கும் போவது. பூச்சியும் பூஞ்சையும் வராமல் மருந்து அடித்துத்தான் வளர்க்கிறார்கள். சாப்பிடவோ பூசவோ என்று வளர்த்த பூ இல்லை. மருந்தடிக்காத பன்னீர் ரோஜாச் செடி வீட்டில் ஒன்று இருந்தால் அது வேறு கதை. கடைப் பன்னீர் பாட்டிலையும் திருப்பிப் பாருங்கள், பல பாட்டில்களில் தண்ணீரும் வாசனையும்தான்.

கேள்வி: தருமபுரியில் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே மாட்டேன் என்கிறது. கழுவினால் முகம் இழுத்துப் பிடிக்கிறது. விலை கூடிய சோப்பு வாங்கலாமா?

விலையைக் கூட்டினால் தண்ணீர் மாறாது. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, திரிந்த பால் போலத் தோலில் படிகிறது, அதுதான் இழுக்கிறது. சோப்பு இல்லாத ஃபேஸ்வாஷ் இந்தத் தண்ணீரிலும் நுரைக்கும், சின்ன டியூப் போதும். காசு மிச்சம் பண்ண வேண்டுமானால் கடைசியாக ஒரு சொம்பு குடிதண்ணீரில் முகத்தை அலசிவிட்டு, ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் பூசுங்கள்.

உடம்புக்குச் சோப்பு வாங்கும்போது உறையில் டிஎஃப்எம் (மொத்தக் கொழுப்புச் சத்து) எவ்வளவு என்று தேடுங்கள். 76 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரம். "டாய்லெட் சோப்" என்றில்லாமல் "பேத்திங் பார்" என்று போட்டிருந்தால் அதில் கொழுப்புச் சத்து குறைவாகவே இருக்கலாம். பெரிய நடிகை சிரிக்கும் உறையிலும் இப்படி உண்டு.

கேள்வி: ஓசூரில் கம்பெனி வேலை. ஸ்கூட்டியில் போய் வருகிறேன். சன்ஸ்கிரீன் 50 கிராம் 400 ரூபாய் சொல்கிறார்கள். எஸ்பிஎஃப் 50-தான் வாங்க வேண்டுமா?

30 போதும். வெயிலில் முகத்தைச் சுட்டெரிக்கும் யுவிபி கதிரில் 30 என்பது 97 சதவீதத்தைத் தடுக்கிறது, 50 என்பது 98. அந்த ஒரு சதவீதத்துக்கு எவ்வளவு கூடுதல் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். வெயிலின் இன்னொரு கதிரான யுவிஏ-வுக்கு, டியூப்பில் உள்ள "பிஏ" பக்கத்தில் மூன்று கூட்டல் குறியாவது இருக்கட்டும்.

எஸ்பிஎஃப் எத்தனை என்பதைவிடப் பூசும் அளவு முக்கியம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் கோடு போட்டால் வருகிற அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஒரு வேளைக்கு. கிட்டத்தட்ட ஒரு கிராம் என்று வைத்தால், தினம் ஒரு முறைக்கு 50 கிராம் டியூப் ஒன்றரை மாதம் வரும். ஆறு மாதமாக அதே டியூப் ஓடுகிறது என்றால் நீங்கள் போடுவது சன்ஸ்கிரீனே இல்லை! ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிடுங்கள், துப்பட்டாவைச் சுற்றுங்கள், அதற்குக் காசு இல்லை.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய லிப்ஸ்டிக் சீல் உடைந்து, யாரோ பூசிய மாதிரி வந்தது. அழகுப் பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை என்கிறார்கள். (அரூர்)

மனம் மாறித் திருப்புவதற்கு அவர்கள் மறுக்கலாம், பழுதான பொருளுக்கு மறுக்க முடியாது. பழுதாகவோ, காட்டியது ஒன்று வந்தது ஒன்றாகவோ இருந்தால் விற்பவர் திரும்பப் பெற்றுத்தான் ஆக வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. செயலியிலேயே குறைதீர் அலுவலர் என்று ஒருவர் பெயர் இருக்கும். அவருக்கு எழுதினால் 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் போடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை, கம்பெனி எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள். லிப்ஸ்டிக்குக்கு அவ்வளவு தூரம் போக மாட்டீர்கள்தான். பெரும்பாலும் 1915-லேயே காசு வந்துவிடும். இனி பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள்.

கேள்வி: பியூட்டி பார்லரில் ஃபேஷியலுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டார்கள். சரியா?

2025 செப்டம்பர் 22 முதல் பார்லர் சேவைக்கு 5 சதவீதம்தான். பில்லில் ஜிஎஸ்டி எண்ணே இல்லாமல் வரி வாங்கியிருந்தால் அது இன்னும் தப்பு. ஃபேஸ் பவுடரும் அதே நாளிலிருந்து 5-க்கு வந்துவிட்டது. கிரீமும் லிப்ஸ்டிக்கும் 18-லேயே நிற்கின்றன.

கேள்வி: அக்காவுக்கு கிருஷ்ணகிரியில் நிச்சயதார்த்தம். நாங்களே மேக்கப் போட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். 1000 ரூபாய்தான் பட்ஜெட். என்ன வாங்கலாம்?

தாராளமாகப் போதும். ஃபவுண்டேஷனை விட்டுவிடுங்கள். பழகாத கைக்கு அது திட்டுத்திட்டாகத்தான் நிற்கும். ஒரு காம்பாக்ட், ஒரு கண்மை, ஒரு லிப்ஸ்டிக், பொட்டு. அவ்வளவுதான்.

காம்பாக்ட் வாங்கும்போது கடை டியூப்லைட்டை நம்பாதீர்கள். தாடை ஓரத்தில் கொஞ்சம் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்து வெயில் வெளிச்சத்தில் செல்போன் கேமராவில் பாருங்கள். தெரியாமல் தோலோடு கலந்துவிட்டால் அதுதான் உங்கள் ஷேடு. கையில் தடவிப் பார்க்கச் சொல்வார்கள், கையும் முகமும் ஒரே நிறம் இல்லை. "ஒரு ஷேடு கூட வெளுப்பா எடுத்துக்கோம்மா" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், கழுத்து ஒரு நிறம் முகம் ஒரு நிறமாகத்தான் ஆல்பத்தில் வரும். லிப்ஸ்டிக் டெஸ்டரை உதட்டில் வைக்காதீர்கள், விரல் நுனியில் பாருங்கள். கண்மை, லிப்ஸ்டிக் இரண்டிலும் மூடி திறந்த டப்பா படமும் அதில் மாத எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். திறந்த பிறகு அத்தனை மாதம்தான் ஆயுள்.

விசேஷத்தன்று முகம் கழுவி மாய்ஸ்சரைசர் பூசி, பத்து நிமிஷம் கழித்து காம்பாக்ட்டைத் தேய்க்காமல் ஒற்றுங்கள். லிப்ஸ்டிக்கில் துளி எடுத்துக் கன்னத்தில் தட்டினால் தனியாக ரூஜ் வாங்க வேண்டாம். இதையெல்லாம் ஒரு வாரம் முன்பே ஒரு சாயங்காலம் போட்டுப் பார்த்துவிடுங்கள், அரிப்பு ஏதாவது வந்தால் மாற்ற நேரம் இருக்கும். அன்று புதிதாக ஃபேஷியல், பிளீச் எதுவும் வேண்டாம். ராத்திரி எவ்வளவு அசதியாக இருந்தாலும் பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, பிறகு ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவிவிட்டுப் படுங்கள். அக்காவும் நீங்களும் காம்பாக்ட்டைப் பங்கு போட்டுக்கொண்டாலும் பஃப் ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், கண்மையைத் தனித்தனியாகவே வாங்குங்கள்.