பார்சல் ஏற்றும் வேலை: இடுப்பும் தாங்க வேண்டும், வேகமும் குறையக் கூடாது

கேள்வி: எனக்கு வயது 27. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு டெலிவரி கிடங்கில் இரவு ஷிப்டில் லோடிங் வேலை. கன்வேயரில் வரும் பார்சல்களை எடுத்து வண்டிக்குள் அடுக்க வேண்டும். இரண்டு மாதமாக இடுப்பின் இடது பக்கம் வலி. பாதி ஷிப்ட் தாண்டினால் பிட்டம் வரை இறங்குகிறது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டுதான் போகிறேன். இடுப்பு பெல்ட்டும் வாங்கிவிட்டேன். வேகம் குறையக் கூடாது என்கிறார் சூப்பர்வைசர். என்ன செய்யலாம், டாக்டர்?

பதில்: வலி முழங்காலுக்குக் கீழே இறங்கவில்லை, மரத்துப்போகவில்லை என்றால் நரம்பு அழுந்தியிருக்கும் வாய்ப்பு குறைவு. உடனே ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். ஆனால் சாதாரண இடுப்புப் பிடிப்பு பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் அடங்கிவிடும். உங்களுக்கு இரண்டு மாதமாகிறது. அதனால் ஒருமுறை நேரில் காட்டிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். இடுப்பைக் கெடுப்பது பெட்டியின் எடை மட்டுமல்ல. அது உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, தூக்கியபடி எவ்வளவு திரும்புகிறீர்கள், நிமிடத்துக்கு எத்தனை தடவை தூக்குகிறீர்கள் என்பவையும்தான். அமெரிக்கத் தொழில் உடல்நல நிறுவனமான நியோஷ் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எல்லாம் சாதகமாக இருந்தால் வரம்பு 23 கிலோ. கணுக்காலிலிருந்து கைப்பிடி வரை முன்பக்கமாக (கிடைமட்டமாக) 25 செ.மீ. தூரம் இருந்தால்தான் அந்த 23. தூரம் 50 செ.மீ. ஆகிவிட்டால் அது 11.5 கிலோவாகப் பாதியாகிறது. தூக்கியபடியே பக்கவாட்டில் முழுதாகத் திரும்பினால் ஏறத்தாழ 16. எட்டு மணி நேரம் நிமிடத்துக்கு 4 பெட்டி வீதம் தூக்கினால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் 10 கிலோ சொச்சம்தான். இந்தக் குறைகள் ஒன்றோடொன்று பெருகும். எட்டிப் பிடித்து, திரும்பி, வேகமாக வைக்கும்போது 6 கிலோ பெட்டிகூட அதிகம்தான்.

ஆகவே கையை வேகப்படுத்தாதீர்கள், தூரத்தைக் குறையுங்கள். கன்வேயரும் அடுக்கும் இடமும் நேரெதிராக இருந்தால் ஒவ்வொரு பெட்டிக்கும் இடுப்பு முறுக்கும். இரண்டுக்கும் நடுவே சாய்வாக நின்று, இடுப்பைத் திருப்புவதற்குப் பதில் பாதத்தை எடுத்து வையுங்கள். நீளும் கன்வேயராக இருந்தால், அடுக்கு வாசல் பக்கம் நகர நகர அதையும் பின்னுக்கு இழுங்கள். உள்ளே நீட்டும் வசதி இருந்தும் அதை வாசலிலேயே விட்டுவிட்டுப் பெட்டியோடு நடப்பது பல கிடங்குகளில் வழக்கம். நேரமும் வீண், இடுப்புக்கும் கேடு.

தூக்குமுன் பெட்டியின் ஒரு மூலையை லேசாகச் சாய்த்துப் பாருங்கள். எடை தெரிந்துவிடும், உள்ளே எந்தப் பக்கம் கனம் என்றும் தெரியும். கனமான பக்கம் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். ஒரு கை கீழ் மூலையிலும் இன்னொரு கை அதற்கு எதிரான மேல் மூலையிலும் இருந்தால் பெட்டி நழுவாது. குத்தவைத்துத் தூக்கு என்று சுவரில் படம் ஒட்டியிருப்பார்கள். நூற்றுக்கணக்கான பெட்டிக்கு அப்படிச் செய்தால் முழங்கால் போய்விடும். இடுப்பு மூட்டிலிருந்து சாய்ந்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கினால் போதும்.

அடுக்கும்போது கனமானவை கீழே, லேசானவை மேலே. கடைசியாக இறக்க வேண்டியவை முதலில் உள்ளே போக வேண்டும். செங்கல் கட்டுவதுபோல் மேல் வரிசை கீழ் வரிசையின் இணைப்பை மூடி நிற்கட்டும், லேபிள் வெளியே தெரியட்டும். இடைவெளி விட்டு அடுக்கினால் வண்டி பிரேக் போட்டதும் சரியும். சரிந்ததை மறுபடி அடுக்குவதுதான் இரட்டை வேலை. தோளுக்கு மேலே கனமான பெட்டி வேண்டாம். மேல் வரிசைக்கு உறுதியான படிமேடை கேளுங்கள். சின்ன கவர் பார்சல்களை ஒவ்வொன்றாகக் குனிந்து எடுக்காமல் சாக்கில் சேர்த்து, ஐந்தாறு கிலோ ஆனதும் கட்டுங்கள். சாக்கு நிறைந்தால் லாபம் என்று நினைத்து 20 கிலோ ஆக்கிவிடாதீர்கள். சாக்குக்குக் கைப்பிடி கிடையாது. டிராலியை இழுக்காதீர்கள், தள்ளுங்கள்.

தூங்கி எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்து தூக்க வேண்டாம். படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுகள் (டிஸ்க்) நீரை உறிஞ்சி உப்பியிருக்கும், அப்போது குனிந்தால் அழுத்தம் கூடும். நீண்ட நேரம் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து வந்தாலும் ஐந்து நிமிடம் நடந்துவிட்டு லேசான பார்சல்களில் தொடங்குங்கள்.

பெல்ட்டை நம்ப வேண்டாம். காயத்தைத் தடுக்கும் என்பதற்கு நல்ல ஆதாரமில்லை. போட்டவர் கூடுதலாகத் தூக்கத் துணிவதுதான் ஆபத்து.

மாத்திரைதான் எனக்குப் பெரிய கவலை. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தினமும் போட்டுக்கொண்டு, தகரக் கூரைக் கிடங்கிலோ வண்டிக்குள்ளோ வியர்த்துக் கொட்ட வேலை செய்தால் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறையும். வயிற்றுப் புண்ணும் வரலாம். நீங்களாக வாங்கிப் போடுவதை நிறுத்துங்கள். வெக்கையில் 15-20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும். மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டாம். நாலைந்து மணி நேரம் தொடர்ந்து வியர்த்தால் இடையில் உப்புப் போட்ட மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ குடியுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளானால் தண்ணீர் போதவில்லை.

வலி இருக்கிறதென்று படுக்கையில் கிடக்கவும் வேண்டாம், நடமாட்டம்தான் மருந்து. இரண்டு வாரம் பார்சலை ஸ்கேன் செய்யும் வேலை அல்லது லேபிள் பார்த்துப் பிரிக்கும் வேலை மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள்.

சிறுநீர் போக முடியாமலோ அடக்க முடியாமலோ போனால், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனால், கால் பலவீனமாகிப் பாதம் தொங்கினால் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும், மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாத எடைக் குறைவு இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அது உண்டு. பெட்டி தூக்கும்போது சட்டென்று பிடித்துக்கொண்டால் அன்றே சூப்பர்வைசரிடம் சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள். எழுத்தில் இல்லாவிட்டால் வேலையில் நேர்ந்த காயம் என்று பின்னால் காட்டுவது கஷ்டம்.