ஐசியூ பணியாளர்களின் மனசாட்சிச் சுமை: கேள்வி பதில்

பதில் அளிப்பவர்: தீவிர சிகிச்சை மருத்துவர்

கவிதா, கோவை: கொரோனா காலத்து ஐசியூ ஊழியர்களின் மனவேதனை என்பது வேலைக் களைப்புதானே டாக்டர்? விடுப்பு கொடுத்தால் சரியாகிவிடாதா?

களைப்பும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இது விடுப்பிலும் கூடவே வரும். செய்ய வேண்டியது இன்னதென்று தெரிந்தும் செய்ய முடியாமல் நிறுவனம் கையைக் கட்டிப்போடும்போது வரும் மனசாட்சிச் சுமை இது. செவிலியர் பணியை முன்வைத்து அமெரிக்க மருத்துவ அறவியல் அறிஞர் ஆண்ட்ரூ ஜேமெட்டன் 1984இலேயே இதை எழுதிவிட்டார்.

செந்தில், மதுரை: இத்தாலியில் முதியவர்களுக்கு வென்டிலேட்டர் இல்லை என்று விதியே போட்டார்களாமே?

விதி அல்ல, பரிந்துரை. 2020 மார்ச் 6 அன்று அந்நாட்டு மயக்கவியல், தீவிர சிகிச்சை மருத்துவர் சங்கம் வெளியிட்டது. படுக்கைகள் அறவே போதாமல் போனால் வயது வரம்பு வைக்க நேரிடலாம் என்ற ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பலர் கொதித்தார்கள். முதலில் வந்தவருக்கே படுக்கை என்றால், பின்னால் வருபவரை நிராகரிப்பதாகத்தானே ஆகும் என்றும் அதில் இருந்தது. முடிவெடுக்கும் பொறுப்பில் ஒரு பகுதியை மருத்துவரின் தலையிலிருந்து இறக்குவதும் அதன் நோக்கம். வயதை மட்டும் அளவுகோலாக்குவது எனக்கு உடன்பாடில்லை; ஆனாலும் எழுதி வைத்தது நல்லது. எழுதாத இடங்களில் இரவுப் பணியில் இருந்தவரே தனியாகத் தீர்மானித்தார்.

ரமணி, திருச்சி: என் தங்கை லண்டனில் ஐசியூ செவிலியர். "யாரையும் சரியாகக் கவனிக்கவில்லையே" என்று இன்னமும் புலம்புகிறாள்.

வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு செவிலியர் என்பது அங்கே வழக்கம். அலை உச்சத்தில் ஒருவரே பலரைப் பார்த்தார். ஒரு படுக்கையில் சளியை உறிஞ்சி எடுக்கும்போதே அடுத்த படுக்கையில் அலாரம் அடிக்கும். பிளாஸ்டிக் உறை போட்ட டேப்லெட் கணினியின் திரையில் யாரோ ஒருவரின் மகள் கடைசியாகப் பேசக் காத்திருப்பாள். 2020 ஜூன், ஜூலையில் இங்கிலாந்தின் 9 மருத்துவமனைகளில் 709 ஐசியூ பணியாளர்களிடம் கேட்டபோது, 45 சதவீதம் பேரிடம் மனச்சோர்வு, பதற்றம், அதிர்ச்சி பாதிப்பு, மதுப் பழக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கவலைக்குரிய அளவில் தெரிந்தது. தங்கையிடம் "உன் மேல் தப்பில்லை" என்று சொல்லி வாயை அடைத்துவிடாதீர்கள், பேசவிடுங்கள். தூக்கம் கெட்டாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பாஸ்கர், சென்னை: யோகா வகுப்பு நடத்தினால் பலன் உண்டா?

நடத்தட்டும். ஆள் பற்றாக்குறைக்கு அது மருந்தாகாது. யாருக்குப் படுக்கை என்பதை, அந்த நோயாளியைக் கவனிக்காத மூத்தவர்கள் குழுவாகத் தீர்மானிக்கட்டும். செவிலியர் தன் ஆட்சேபத்தைச் சொல்ல வழியும், ஷிஃப்ட் முடிவில் பேசப் பத்து நிமிடமும் வேண்டும், அதுவும் சம்பள நேரத்திலேயே.