அரையாண்டு விடுமுறையும் தீராத அசதியும்

கேள்வி: நானும் கணவரும் தருமபுரியில் வேலை பார்க்கிறோம். 9 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள். போன அரையாண்டு விடுமுறையில் எட்டு நாள் காரில் சுற்றினோம். பிடதியில் தீம் பார்க், பெங்களூரில் நாத்தனார் வீடு, கோவையில் என் அம்மா வீடு, மேட்டுப்பாளையத்தில் இன்னொரு பார்க். பெங்களூரிலிருந்து கோவைக்கு ராத்திரியோடு ராத்திரியாகப் போனோம். தொப்பூர் இறக்கத்தில் அவருக்கு ஒரு நொடி கண் சொக்கிவிட்டது. திரும்பி வந்து மூன்று வாரம் எனக்கு உடம்பு அடித்துப் போட்டது போலவே இருந்தது. சின்னவனுக்குச் சளி, காய்ச்சல். இந்த டிசம்பரிலும் போகவேண்டும் என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். சத்து மாத்திரை ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போகலாமா?

பதில்: மாத்திரை இருக்கட்டும். தொப்பூரைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

காலை 5 மணிக்கு எழுந்தவருக்கு இரவு 10 மணியோடு 17 மணி நேரம் விழிப்பு ஆகிவிடுகிறது. அந்த நிலையில் ஒருவருடைய கவனமும் கைகால் வேகமும், ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவருடையதைப் போல மந்தமாகிவிடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டுச் சட்டம் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிப்பது 30 மில்லிகிராம்தான். உங்கள் கணவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவராக இருக்கலாம். ஆனாலும் அந்த இறக்கத்தில், பாரம் ஏற்றிய லாரிகளுக்கு நடுவே, அவர் நிலை அதுதான். டீ குடித்தால் கொஞ்ச நேரம் தாங்கும், தூக்கக் கடன் அடையாது. கண்ணாடியை இறக்கிவிடுவது, பாட்டை ஏற்றி வைப்பது எல்லாம் அதற்கும் கீழே.

இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. பெங்களூர் – கோவை சாலை ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டி உங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. அந்த ராத்திரி நீங்கள் சொந்த வீட்டைத் தாண்டித்தான் தொப்பூருக்குப் போயிருக்கிறீர்கள்! பைபாஸிலிருந்து திரும்பி ஊருக்குள் வந்திருந்தால் சொந்தக் கட்டிலில் ஒரு தூக்கம் கிடைத்திருக்கும். இந்த வருஷம் அப்படித்தான் செய்யவேண்டும். பெங்களூரிலிருந்து மதியச் சாப்பாடு முடித்துக் கிளம்பினால் இருட்டுவதற்குள் தருமபுரி. அழுக்குத் துணியைத் துவைத்துப் போடுங்கள். ராத்திரிக்குக் களியும் கீரைக் குழம்பும் போதும். நாலு நாள் பலகாரம் தின்ற வயிறு உங்களை வாழ்த்தும். ஒரு முழு நாள் வீட்டிலேயே இருந்துவிட்டு, அதற்கு மறுநாள் பனி விலகியபின் கோவைக்குப் புறப்படலாம். உறவுக்காரர்களிடம் ஒரு நாள் தள்ளி வருகிறோம் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

தீம் பார்க் ஒன்று போதும், இரண்டு வேண்டாம். போகிற அன்று விடியற்காலை தருமபுரியில் கிளம்பி நேராகப் பார்க்குக்குப் போகாதீர்கள். முந்தின நாளே நாத்தனார் வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து போங்கள். டிசம்பரில் தண்ணீர் விளையாட்டை மதியம் 12 மணிக்கு மேல், வெயில் இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் உடல் சூட்டைக் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக இழுத்துவிடும். ஆறு வயதுப் பிள்ளையின் சின்ன உடம்பு பெரியவர்களுக்கு முன்பே குளிர்ந்துவிடும். உதடு லேசாக நீலம் பாய்ந்து, தாடை கிடுகிடுவென்று ஆடினால் "இன்னும் ஒரே ஒரு தடவை" என்ற கெஞ்சலுக்கு மசியாதீர்கள். வெளியே தூக்கி, தலையைத் துவட்டி, உலர்ந்த துணி மாற்றி, சூடாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள். சளி, காய்ச்சல் வருவது வைரஸால்தான். கூட்டத்தில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள். குளிரில் தாகம் தெரியாது, அதனால் தண்ணீர்ப் பாட்டிலை நீங்களாகவே நீட்டவேண்டும்.

பார்க்கில் ஒரு நாள் நடந்தால் கால் வலி மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் உச்சத்துக்கு வரும். அந்த இரண்டு நாளில் மருதமலைப் படி ஏறும் வேண்டுதல் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். கழுத்து, முதுகுத் தட்டில் பிரச்சினை உள்ளவர்களும் கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தூக்கிப் போடும் ராட்டினங்களில் ஏறக்கூடாது.

அப்புறம், நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். நாத்தனார் வீட்டில் காலையில் முதலில் எழுந்தது யார்? பல வருஷமாக ஜனவரியில் என்னிடம் வரும் பெண்கள் சொல்லும் கதை இதுதான்: ஊருக்குப் போன இடத்தில் பத்துப் பேருக்குத் தோசை ஊற்றி, கடைசி ஆளாக நின்றபடியே இரண்டு தின்றுவிட்டு, பாத்திரம் கழுவி, அதற்குப் பிறகு பார்க்குக்குக் கிளம்பியிருப்பார்கள். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் அது விடுமுறை. இவர்களுக்கு அடுப்படி மட்டும்தான் மாறியிருக்கும். ஒரு வேளைச் சாப்பாடு வெளியே, இன்னொரு வேளை ஆளுக்கொரு வேலை என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். இதை உங்கள் கணவர்தான் தன் அக்காவிடம் போனில் சொல்லவேண்டும். நீங்கள் சொன்னால் அது வேறு மாதிரி காதில் விழும். கோவையிலும் வீடு வீடாக ஏறி இறங்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் அம்மா வீட்டுக்கே வரச் சொல்லலாம். பெரியவர்களை மட்டும் தேடிப் போய்ப் பாருங்கள், அது வேண்டும். பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்பே வீடு வந்து சேர்ந்துவிடுங்கள்.

மூன்று வார அசதியைப் பற்றி. பயணக் களைப்பு நன்றாகத் தூங்கினால் நாலைந்து நாளில் தெளிந்துவிடும். மூன்று வாரம் நீடித்தது என்றால் பயணத்தை மட்டும் காரணமாகச் சொல்லி விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பாருங்கள். ரத்தசோகை இருந்தால் அதற்கு உரிய இரும்புச்சத்து மாத்திரையைக் கணக்காகக் கொடுப்போம். கடையில் நீங்களாக வாங்கும் சத்து மாத்திரை அதற்கு ஈடாகாது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே இந்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளலாம். பெட்டி கட்டுவதற்கு முன்னால், இந்த வாரமே போய்விட்டு வாருங்கள். பரிசோதனைச் சீட்டு கைக்கு வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.