போனில் இருக்கும் கணக்கு

கேள்வி: நான் குன்னூரில் அரசு வேலையில் இருக்கிறேன். பக்கத்துக் கிராமத்தில் அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் தேயிலையைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். அம்மா அவனோடுதான் இருக்கிறார். போன சித்திரையில் ஊட்டி மாரியம்மன் தேருக்கு வேன் பிடித்து, தம்பி குடும்பத்தையும் ஆபீஸ் நண்பர்கள் இருவரின் குடும்பங்களையும் கூட்டிப்போனேன். தேர், ராட்டினம், மிளகாய் பஜ்ஜி, வளையல் கடை என்று அருமையான சாயங்காலம். செலவு முழுக்க என்னுடையது. மொத்தம் 4,860, அதில் தம்பி குடும்பத்துக்கு 2,340 என்று வழக்கம்போல போனில் குறித்துக்கொண்டேன். திரும்பும்போது அருவங்காடு தாண்டியதும் என் மகன் அதை விளையாட்டாகச் சத்தமாகப் படித்தான். எல்லோரும் சிரித்தோம். அதற்கப்புறம் தம்பி எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அவன் மனைவி தூண்டிவிடுகிறாள் என்கிறாள் என் மனைவி. இந்த வருஷத் தேருக்கு அவர்களைக் கூப்பிடுவதா, விட்டுவிடுவதா?

— வாசகர், குன்னூர்

பதில்: கூப்பிடுவதை அப்புறம் பார்க்கலாம். "வழக்கம்போல போனில் குறித்துக்கொண்டேன்" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிட்டீர்கள். நான் தாவப்போவதில்லை.

மாதச் சம்பளக்காரர் செலவைக் குறித்துவைப்பார், சரி. தம்பி குடும்பத்துக்கு 2,340 என்று தனியாக ஏன் பிரித்தீர்கள்? ஆபீஸ் நண்பர்களின் பிள்ளைகளும் அதே ராட்டினத்தில்தான் சுற்றினார்கள், அதே பஜ்ஜியைத்தான் தின்றார்கள். அவர்களுக்கு எவ்வளவு ஆயிற்று என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. நண்பர்களுக்கு விருந்து, தம்பிக்கு மட்டும் பற்றுவரவா?

எல்லோரும் சிரித்தோம் என்கிறீர்களே, உங்கள் தம்பி சிரித்தாரா? முன்பின் பழக்கமில்லாத இரண்டு குடும்பங்களுக்கு நடுவில், தன் பெண்டாட்டி பிள்ளைகள் பக்கத்தில் இருக்க, அண்ணன் மகன் வாயால் தன் குடும்பம் தின்றதற்கும் ஆடியதற்கும் தொகை சொல்லக் கேட்டிருக்கிறார். ஓடுகிற வேனில் எழுந்து எங்கே போவார்?

பையனைத் திட்டியிருந்தால் அதையும் நிறுத்துங்கள். நீங்கள் எழுதிவைத்ததைத்தானே படித்தான்? நம் வீட்டில் சித்தப்பா குடும்பத்துக்கு இப்படித்தான் கணக்கு வைப்பார்கள் என்று அவன் கற்றுக்கொண்டிருக்கிறான் பாருங்கள், அதற்காக வருத்தப்படுங்கள்.

அந்த 2,340 உங்களுக்கு என்னவோ, தம்பிக்கு என்ன என்று பார்ப்போம். பச்சைத் தேயிலைக்குத் தேயிலை வாரியம் மாதாமாதம் விலை அறிவிக்கிறது. நீலகிரியில் கிலோ 15 ரூபாய்க்கும் கீழே இறங்கிய மாதங்கள் உண்டு. நாம் தாராளமாக 20 என்றே வைத்துக்கொள்வோம். 117 கிலோ கொழுந்து ஃபேக்டரிக்குப் போனால்தான் அந்தத் தொகை வரும். பறிக்கிற கூலியும் உரமும் கழித்த பிறகு அதில் என்ன மிஞ்சும் என்று தேயிலை வீட்டில் பிறந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேனில் அந்தத் தொகை காதில் விழுந்ததும் அவர் மனசுக்குள் இந்தக் கணக்குத்தான் ஓடியிருக்கும்.

கணக்கு என்று வந்துவிட்டபடியால் இன்னொன்று. அம்மா அவரோடு இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் மாத்திரை, ஆஸ்பத்திரிக்கு ஜீப் வாடகை, மழைக்காலத்தில் ராத்திரி முழுக்க இருமும்போது எழுந்து வெந்நீர் வைப்பது, இதற்கெல்லாம் உங்கள் பங்கு இவ்வளவு என்று தம்பி ஒரு சீட்டு அனுப்பினாரா? அனுப்பினால் பொறுத்துக்கொள்வீர்களா? என்னைக் கேட்டால், அப்பா இல்லாத வீட்டில் தம்பி பிள்ளைகளுக்கு ராட்டின டிக்கெட் எடுப்பது பெரியப்பாவின் முறை. முறைக்குச் செய்ததைக் குறித்துவைப்பவர் என்றைக்கோ திருப்பிக் கேட்கத்தான் குறிக்கிறார். இல்லை என்று நீங்கள் சொல்லலாம். நான் நம்பினாலும் உங்கள் தம்பி நம்ப மாட்டார்.

தம்பி மனைவி தூண்டிவிடுகிறாள் என்ற பேச்சு வேண்டாம். ஆண்கள் இருவருக்குள் மனக்கசப்பு என்றால் வீட்டுக்கு வந்த பெண் தலையில் போடுவது எனக்கு வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் இருக்கிறது. அந்தப் பெண்தான் உங்கள் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள். உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லுங்கள், என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்.

தேருக்குக் கூப்பிடத்தான் வேண்டும். போன வருஷத்து வேனைக் காட்டிக் கூப்பிடாதீர்கள். நண்பர்களை இன்னொரு நாள் மலர்க் கண்காட்சிக்கு அழைத்துப்போய்க்கொள்ளுங்கள். இந்தத் தடவை அண்ணன் தம்பி குடும்பங்கள் மட்டும் பஸ்ஸில் போங்கள், அம்மாவுக்கு முடிந்தால் அவரும். ஊட்டித் தேரில் எல்லோரும் உப்பு வாங்கித்தானே வீசுகிறார்கள்? அந்த உப்பை இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத் தம்பி வாங்கட்டும். கடைவீதியில் அவர் பர்ஸை எடுத்தால் "நீ சும்மா இரு" என்று கையைப் பிடிக்காதீர்கள். உங்கள் பையனுக்கு அவர் பஜ்ஜி வாங்கிக் கொடுக்கட்டும்.

அதற்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமையே மகனோடு போங்கள். அந்தக் குறிப்பைத் தம்பி எதிரில் அழித்துக் காட்டுகிற நாடகம் எல்லாம் வேண்டாம், இன்றைக்கு ராத்திரியே அழித்துவிடுங்கள். "அன்றைக்கு வேனில் நடந்தது என் தப்புடா" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, அங்கேயே மத்தியானச் சாப்பாடு சாப்பிடுங்கள். வருகிறேன் என்று முன்கூட்டி போன் பண்ண வேண்டாம். அம்மாவைப் பார்க்கப் போகிறவருக்குப் போன் எதற்கு?