லிட்டல்டன் மாதிரி ஆக நினைக்கும் பையனுக்கு

வணக்கம் அம்மா. ப்ளஸ் டூ படிக்கும் மகன் "வக்கீலுக்கும் படிப்பேன், கிரிக்கெட்டும் ஆடுவேன், ஆல்ஃபிரட் லிட்டல்டன் ஆடலையா?" என்று மல்லுக்கு நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். தம்பி நல்ல ஆளைத்தான் பிடித்திருக்கிறான். ஆனால் பாதிக் கதைதான் படித்திருப்பான் போல.

லிட்டல்டன் 1857-ல் பிறந்த இங்கிலாந்துக்காரர், விக்கெட் கீப்பர். 1877-ல் ஸ்காட்லாந்துக்கு எதிராகக் கால்பந்து, 1880-ல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக டெஸ்ட். இரண்டு ஆட்டத்திலும் இங்கிலாந்துக்கு ஆடிய முதல் ஆள் அவர்தான். 1884 ஓவல் டெஸ்டில் ஆஸ்திரேலியா 551 ரன் குவித்தபோது இங்கிலாந்தின் பதினோரு பேரும் பந்து வீச வேண்டியதாயிற்று. சக ஆட்டக்காரர் டபிள்யூ. ஜி. கிரேஸ் கீப்பிங்குக்குப் போக, லிட்டல்டன் காலில் கட்டிய பேடோடு வந்து, கையைத் தாழ்த்தி 'லாப்' போட்டார். 19 ரன்னுக்கு 4 விக்கெட்! பையன் மயங்காமல் என்ன செய்வான்?

மீதிக் கதை இது. 1881-ல் பாரிஸ்டர் ஆனார். அடுத்த ஆண்டே அட்டர்னி ஜெனரல் சர் ஹென்றி ஜேம்ஸிடம் செயலாளர் வேலை. அப்பா பிரபு, பிரதமர் கிளாட்ஸ்டனின் மனைவி இவருக்குச் சொந்தப் பெரியம்மா. அமெச்சூர் என்பதால் ஆட்டத்துக்குக் கூலி கிடையாது. அதே அணியில் கூலிக்கு ஆடிய புரொஃபஷனல்களுக்கு அது பிழைப்பு, இவருக்கு இல்லை. இவ்வளவு வசதி இருந்தும் முப்பது வயதை ஒட்டி முதல்தரக் கிரிக்கெட்டை விட்டுவிட்டார். கோர்ட்டும் அப்புறம் அரசியலும் இழுத்துக்கொண்டன. 1903-ல் காலனிகளுக்கான அமைச்சரானார்.

அதனால் தம்பியிடம் "முடியாது" என்று சொல்ல வேண்டாம். ஐந்து வருடச் சட்டப்படிப்பில் தாராளமாகச் சேர்க்கலாம். சேர்க்கும் முன் கல்லூரிக்கு நேரில் போய், கிரிக்கெட் அணி இருக்கிறதா, மேட்ச் நாட்களுக்கு வருகைப்பதிவு தருவார்களா என்று உடற்கல்வி இயக்குநரிடமே கேளுங்கள். பிராஸ்பெக்டஸில் இதெல்லாம் இருக்காது.

சிக்கல் படிப்பு முடிந்த பிறகுதான். ரயில்வேயிலோ வங்கியிலோ ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைத்தால் நல்ல சம்பளம், ஆட்டமும் தொடரும். ஆனால் முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வக்கீலாகத் தொழில் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அதாவது கறுப்பு கவுனா, கோட்டா வேலையா, ஒன்றுதான். கவுன்தான் என்றால் சீனியரிடம் ஜூனியராக இருக்கும் முதல் சில வருடம் கைக்கு வருவது பஸ் செலவுக்கே இழுபறிதான். அதுவரை வீடு தாங்குமா என்று நீங்களும் அவன் அப்பாவும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே போடுங்கள்.

எந்த ஊர், எந்த வயதுப் பிரிவில் ஆடுகிறான் என்று நீங்கள் எழுதவில்லை. மாவட்ட அணி வரைக்கும் வந்திருக்கிறானா? அதைச் சொன்னால் கல்லூரிப் பட்டியல் போட்டுத் தருகிறேன்.